இடம் மாறிய ஜீனும் ஹெர்மன் முல்லரும்

இ.சி.இ மக்களுக்கு ரீட்-முல்லர் கோட் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். எரர் கரெக்டிங் கோட் பாடத்துல வரும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மட்டும் எல்லாரும் படிப்போம். 1971ல் செவ்வாய் கிரகத்தைச் சுற்ற ஆரம்பித்த மாரினர் 9 விண்கலம், தான் எடுத்த படங்களை இந்த கோட்ல போட்டுத்தான் பூமிக்கு அனுப்பியது. அந்த முல்லர் யாருன்னு ஒரு நாள் சும்மா தேடிப் பார்த்தேன். டேவிட் முல்லர், கணிதக்காரர், 1924ல் பிறந்தவர். அசிங்க்ரோனஸ் சர்க்யூட்ல வர்ற முல்லர் சி-எலிமென்ட்டும் அவர் பேர்லதான் இருக்கு. அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அவரோட அப்பா யாருன்னு ஒரு வரி இருந்தது. அங்க போய் மாட்டிக்கிட்டேன். ரெண்டு வாரம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அப்படியே கிடந்தது.

அப்பா பேர் ஹெர்மன் ஜோசப் முல்லர். பழ ஈக்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1946ல் நோபல் பரிசு வாங்கினவர். ஆனா என்னைப் பிடிச்சு வெச்சது அந்த நோபல் கண்டுபிடிப்பு இல்ல. அதோட கூடவே, ஓரமா கிடைச்ச இன்னொண்ணு. ஒரு ஜீன் (மரபணுதான், கட்டுரை முழுக்க ஜீன்னே சொல்றேன்) நல்லாவே இருந்தும், உட்கார்ந்திருக்கிற இடத்தால மட்டும் ஊமையாகிப் போகலாம் என்பதுதான் அது. பத்தாவதோட பயாலஜியை விட்டவன் நான். தப்பு இருந்தா பயோடெக் நண்பர்கள் மன்னிக்கணும்.

ஹார்லெம் பையன்

முல்லர் பிறந்தது 1890 டிசம்பர் 21, நியூயார்க். குடும்பத்துக்கு வெண்கலக் கலைப் பொருட்கள் செய்யும் தொழில். எட்டு வயசுல அப்பா அவரை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போய், குதிரையோட கால் எலும்பு லட்சக்கணக்கான வருஷங்கள்ல எப்படி மாறி வந்ததுன்னு காட்டியிருக்கார். அந்தப் பையன் அதை வாழ்க்கை முழுக்க மறக்கல. 1900ல், முல்லருக்குப் பத்து வயசு ஆகுறதுக்குள்ள, அந்த அப்பா இறந்துட்டார். வீட்டில் பணம் சுருங்கியது.

பள்ளியிலேயே நண்பர்களோட சேர்ந்து ஒரு அறிவியல் மன்றம் ஆரம்பிச்சார். 1907ல், பதினாறு வயசுல, உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலவுக்கு வங்கியிலும் ஹோட்டலிலும் சின்னச் சின்ன வேலைகள். பார்ட் டைம் வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற நம்ம பசங்களுக்கு இது புரியும்.

அந்தக் காலத்துல கொலம்பியாவில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்பவரோட லேப் ஒண்ணு இருந்தது. ஈ ரூம்னுதான் அதுக்குப் பேர். நம்ம ஹாஸ்டல் ரூம் மூணைச் சேர்த்தா வர்ற அளவு. பால் பாட்டில்களில் பழ ஈக்கள், அதுக்குச் சாப்பாடு வாழைப்பழம், ரூம் முழுக்க அந்த வாடை. 1910ல் அங்கே வெள்ளைக் கண்ணோட ஒரு ஈ கிடைச்சது. சாதாரணமா பழ ஈயோட கண் செக்கச் செவேல்னு இருக்கும். அந்த ஒரு வெள்ளைக் கண் ஈயிலிருந்துதான், ஜீன்கள் க்ரோமோசோம் மேல உட்கார்ந்திருக்கு என்பதற்கான வலுவான ஆதாரம் வந்தது. கண்ணைச் சிவப்பாக்க உதவுற அந்த ஜீனுக்கு, அது கெட்டா என்ன ஆகுமோ அதை வெச்சே, ஒயிட்னு பேர் வெச்சாங்க. அந்தப் பேரை மறந்துடாதீங்க, திரும்ப வரும்.

மார்கனைச் சுற்றி ஸ்டர்ட்டெவன்ட், பிரிட்ஜஸ், முல்லர்னு மூணு இளைஞர்கள். முல்லருக்கு அந்த ரூம்ல ஒரு வருத்தம் இருந்துக்கிட்டே இருந்தது. ஐடியா சொல்றதுல அவர் முன்னாடி நிற்பார். பேர் போகும்போது பின்னாடி நிற்பார். அப்படித்தான் அவர் நினைத்தார். அது முழுக்கச் சரியா தப்பா என்பதை இன்னைக்கும் வரலாற்று ஆசிரியர்கள் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா அந்தக் கசப்பு மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

எக்ஸ்-ரே ராத்திரிகள்

1920ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டின் நகரத்துக்குப் போனார். அங்கே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஜெஸ்ஸி ஜேக்கப்ஸ் என்பவரை 1923ல் திருமணம் செய்தார். மறு வருஷம் பிறந்தவர்தான் நம்ம சிலபஸ்ல வர்ற டேவிட். குழந்தை வந்ததும் ஜெஸ்ஸியோட வேலை போயிடுச்சு. அம்மாவான ஒருத்தரால ஒழுங்கா பாடம் எடுக்க முடியாதுன்னு அவங்க துறை நினைச்சிருக்கு. யார் எங்கே வைக்கப்படறாங்க என்பது பற்றிய கதையில் இதையும் எழுதி வைக்கணும்னு தோணிச்சு.

அப்போ ஆராய்ச்சியாளர்களுக்கு இருந்த பெரிய தலைவலி, ஜீனில் மாற்றம், அதாவது மியூட்டேஷன், தானாக நடக்க ரொம்ப நாள் ஆகும் என்பது. ஆயிரக்கணக்கான ஈக்களைப் பார்த்தா ஒண்ணு சிக்கும். 1926 கடைசியில் முல்லர் ஈக்கள் மேல எக்ஸ்-ரே அடிக்க ஆரம்பிச்சார். மாற்றத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே ஒரு தனி ஈ வகையை ஏற்கனவே உருவாக்கி வெச்சிருந்தார். நம்ம பாஷையில் சொன்னா, டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே டெஸ்ட் பெஞ்சை ரெடி பண்ணிட்டார். ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து எண்ணினார். மியூட்டேஷன் வேகம் சுமார் 150 மடங்கு கூடியிருந்தது. 1927ல் பெர்லினில் நடந்த உலக மரபியல் மாநாட்டில் இதைச் சொன்னதும் ஒரே நாள்ல உலகப் பிரபலம் ஆனார். நோபல் பரிசு பின்னாடி கிடைச்சது இதுக்குத்தான்.

பாதி சிவப்பு, பாதி வெள்ளை

இப்போ நம்ம விஷயத்துக்கு வரலாம். எக்ஸ்-ரே பட்ட ஈக்களோட வாரிசுகளில் சிலது வினோதமா இருந்தது. கண் முழுச் சிவப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல வெற்றிலைச் சாறு தெறிச்ச மாதிரி, திட்டுத் திட்டா சிவப்பும் வெள்ளையும். முல்லர் 1930ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஈக்களைப் பற்றி எழுதினார்.

கொஞ்சம் யோசிங்க. ஒயிட் ஜீன் உடைஞ்சிருந்தா கண் முழுக்க வெள்ளையா இருக்கணும். நல்லா இருந்தா முழுக்கச் சிவப்பா இருக்கணும். பழ ஈயோட ஒரு கண்ணில் சுமார் 800 குட்டிக் கண்கள் இருக்கு. எல்லா செல்லிலும் அதே ஜீன், அதே எழுத்து. ஆனா ஒரு திட்டில் வேலை செய்யுது, பக்கத்துத் திட்டில் செய்யல. அப்போ ஜீன் கெடலை, யாரோ அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

க்ரோமோசோமைப் பார்த்தப்போ விடை கிடைச்சது. எக்ஸ்-ரே பட்டு எக்ஸ் க்ரோமோசோம் ரெண்டு இடத்தில் உடைஞ்சு, நடுவில் இருந்த பெரிய துண்டு தலைகீழா திரும்பி ஒட்டிக்கிச்சு. வழக்கமா ஒரு நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயிட் ஜீன், இப்போ மறுமுனையில் இருக்கும் அடர்த்தியான பகுதிக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. ஜீனில் ஒரு எழுத்துகூட மாறலை. விலாசம் மட்டும் மாறியிருக்கு.

அந்த அடர்த்தியான பகுதிக்கு 1928லேயே எமில் ஹைட்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் ஹெட்டரோக்ரோமாட்டின்னு பேர் வெச்சிருந்தார். பாசிச் செடிகளின் செல்களில், செல் பிரிஞ்சு முடிச்ச பிறகும் க்ரோமோசோமின் சில பகுதிகள் சுருண்டே கிடக்கிறதை அவர் கவனிச்சிருந்தார். செல் அந்தப் பகுதியை இறுக்கி மடிச்சுப் பூட்டி வெச்சிருக்கு.

ஹாஸ்டல் கணக்கில் சொல்றேன். ஒரு காரிடார். கடைசியில் இருக்கிற பழைய பிளாக்கைப் பூட்டி வெச்சிருக்காங்க. பூட்டுறவர் ஒரு நாள் மூணு ரூம் தள்ளி வரைக்கும் சேர்த்துப் பூட்டிட்டுப் போவார், ஒரு நாள் ஒரு ரூமோட நிறுத்திடுவார். நீங்க மெயின் கேட் பக்கம் இருந்தா கவலையே இல்லை. ரெனோவேஷன்ல உங்களைப் பழைய பிளாக் பக்கத்து ரூமுக்கு மாத்திட்டா, சில நாள் பூட்டுக்குள்ள இருப்பீங்க, சில நாள் வெளியே. கண் வளரும்போது ஆரம்ப கட்டத்து செல் ஒவ்வொண்ணிலும் இந்தப் பூட்டு எவ்வளவு தூரம் பரவுதுங்கிறது அதிர்ஷ்டம் மாதிரி. ஆனா ஒரு தடவை முடிவாயிட்டா, அந்த செல்லோட வாரிசுகள் பெரும்பாலும் அதே முடிவை ஞாபகம் வெச்சுக்கும். அதனாலதான் புள்ளிப் புள்ளியா வராம திட்டா வருது.

ஜீன் நிஜமாவே நல்லாத்தான் இருக்கா? இருக்கு. இன்னொரு தடவை எக்ஸ்-ரே அடிச்சு அந்த ஜீனை அடர்த்தியான பகுதியிலிருந்து பிரிச்சுக் கொண்டு போனா, கண் திரும்பச் சிவப்பாகிறதைப் பின்னாடி வந்தவர்கள் பார்த்தாங்க. விலாசத்தைச் சரி பண்ணினதும் ஜீன் பேச ஆரம்பிச்சிருச்சு.

இடத்துக்கும் ஜீனுக்கும் தொடர்பு இருக்குன்னு 1925லேயே ஸ்டர்ட்டெவன்ட் வேறொரு ஜீனில் காட்டியிருந்தார். ஆனா ஒரு முழு ஜீன் பக்கத்து வீட்டால் வாயடைச்சுப் போறதைக் கண்ணாலேயே பார்க்கும்படி காட்டினது முல்லரோட ஈக்கள்.

1932

வெளியிலிருந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. உள்ளே அப்படி இல்லை. திருமண வாழ்க்கையில் விரிசல். பழைய நண்பர்களோட மனக்கசப்பு. நாடு முழுக்கப் பொருளாதார வீழ்ச்சி. அவரோட இடதுசாரிச் சாய்வு பல்கலைக்கழகத்தில் பலருக்குப் பிடிக்கலை. 1932 ஜனவரியில் ஒரு நாள் அவர் வகுப்புக்கு வரலை. ஆஸ்டினுக்கு வெளியே ஒரு காட்டுப் பகுதியில் மறுநாள் அவரைக் கண்டுபிடிச்சாங்க. தன் உயிரை முடிச்சுக்க முயன்றிருந்தார். பிழைச்சார். கொஞ்ச நாள்ல திரும்ப வேலைக்கு வந்தார்.

நாற்பத்தோரு வயசு. உலகப் புகழ் கிடைச்சு அஞ்சு வருஷம்தான் ஆகுது. நோபல் இன்னும் பதினாலு வருஷம் தள்ளி இருக்கு. இதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடிட்டு வெராண்டாவில் கொஞ்ச நேரம் நின்னேன். ஏன்னு கடைசியில் சொல்றேன்.

ஊர் ஊராக

அந்த வருஷமே பெர்லினுக்குப் போனார், டிமோஃபீவ்-ரெசோவ்ஸ்கியோட சேர்ந்து வேலை செய்ய. சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துட்டார். 1933ல் ரஷ்ய தாவர விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ் அழைக்க, ஈ வகைகளோட லெனின்கிராடுக்குப் போனார். மறு வருஷம் நிறுவனம் மாஸ்கோவுக்கு மாறியது. சோவியத் நாடு மேல அவருக்குப் பெரிய நம்பிக்கை. ஜீனோட இடம் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நல்லா நடந்தது.

ஆனா அங்கே லைசென்கோ வளர்ந்துக்கிட்டிருந்தார். ஜீன் என்பதே முதலாளித்துவக் கற்பனை என்ற பேச்சு. 1936 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த பெரிய விவாதத்தில் முல்லர் எழுந்து நின்று லைசென்கோவை நேருக்கு நேர் எதிர்த்தார். அவரோட வேலை செய்த அகோல், லெவிட் இருவரும் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1937ல் முல்லர் வெளியேறினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ரத்தம் ஏற்றும் குழுவோட சில வாரங்கள். அப்புறம் எடின்பரோ.

மாஸ்கோவில் 1937ல் நடக்க வேண்டியிருந்த உலக மரபியல் மாநாடு ரத்தாகி, 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்தது. தலைவரா தேர்ந்தெடுக்கப்பட்டவர் வவிலோவ். அவரை நாட்டை விட்டு வெளியே விடலை. அவருக்குப் பதிலா வேறொருத்தர் தலைமை தாங்கினார். மாநாடு முடியும் நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. 1940ல் வவிலோவ் கைதானார். 1943ல் சராட்டோவ் சிறையில் இறந்தார்.

முல்லர் அமெரிக்காவுக்குத் திரும்பினப்போ அவருக்கு நிலையான வேலை கிடைக்கவே கஷ்டம். 1945ல்தான் இண்டியானா பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அடுத்த வருஷம் நோபல். ஹிரோஷிமாவுக்கு ஒரு வருஷம் கழித்து, கதிர்வீச்சு ஜீனை மாற்றும்னு கண்டுபிடிச்சவருக்குப் பரிசு. அதுக்கப்புறம் அணுகுண்டுச் சோதனைகளுக்கும், கண்டபடி எக்ஸ்-ரே எடுக்கிறதுக்கும் எதிராகப் பேசிக்கிட்டே இருந்தார். 1955ல் அணு ஆயுதத்துக்கு எதிரான ரஸ்ஸல்-ஐன்ஸ்டீன் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1967 ஏப்ரல் 5ல் இறந்தார்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த ஆண்களின் விந்தணுவை வெச்சு மனித இனத்தை மேம்படுத்தலாம்னு முல்லர் நம்பினார். 1936ல் ஸ்டாலினுக்கே அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். இன வெறியோட நடந்த இனமேம்பாட்டு இயக்கத்தை அவர் எதிர்த்தார், உண்மைதான். ஏற்றத்தாழ்வு இருக்கிற சமூகத்தில் யார் திறமைசாலின்னு அளக்கவே முடியாதுன்னு 1932லேயே ஒரு மாநாட்டில் சொன்னார். அப்படிச் சொன்ன மனுஷனே, நல்ல ஜீன் கெட்ட ஜீன்னு பிரிக்கிற ஆசையைக் கடைசி வரை விடலை. நல்ல ஜீனும் தப்பான இடத்தில் ஊமையாகும்னு காட்டினவர் அவர். அந்தப் பாடம் அவருக்கே முழுசா இறங்கலையோன்னு எனக்குத் தோணுது.

ஒரே ரூமுக்குள் எங்கே?

முல்லர் கண்டுபிடித்த திட்டுக்கண் ஈக்களில் ஒரு வகைக்கு டபிள்யூ-எம்-4ன்னு பேர். அதை இன்னைக்கும் லேப்களில் வளர்க்கிறாங்க. அந்தப் பூட்டுற ஆள் யாருன்னு கண்டுபிடிக்க உதவினதே அந்த ஈதான். எந்த ஜீன் கெட்டா திட்டுக்கண் மறுபடி சிவப்பாகுதோ, அந்த ஜீன்தான் பூட்டுற வேலையில் இருக்கணும், இல்லையா? அப்படித் தேடிக் கிடைத்ததில் ஒண்ணு எச்பி1 என்ற புரதத்தோட ஜீன். இன்னொண்ணோட மனித வடிவம், டி.என்.ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற உருளைப் புரதத்தில் ஒரு ரசாயன முத்திரை குத்தும் என்சைம்னு 2000ல் தெரிஞ்சது. முத்திரையை எச்பி1 பிடிச்சுக்கும், பூட்டு விழும். ஈயோட கண்ணில் பார்த்தது நம்ம செல்லிலும் இருக்கு.

ஆனா இதுவரை சொன்னது க்ரோமோசோம் என்ற கோட்டில் பக்கத்து வீடு யாரு என்பது. நம்ம ஒரு செல்லில் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நியூக்ளியஸுக்குள் மடிஞ்சு கிடக்கு. அந்த ரூமுக்குள் ஒரு ஜீன் எந்த மூலையில் இருக்கு என்பதும் முக்கியமா?

இதுக்கு 1996ல் இன்னொரு ஈ பதில் சொன்னது. அதில் பிரவுன் என்ற கண் நிற ஜீனுக்குள் ஒரு பெரிய ஹெட்டரோக்ரோமாட்டின் துண்டு வந்து செருகியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா, அந்தத் துண்டு க்ரோமோசோமை வளைச்சு, தூரத்தில் இருக்கும் மற்ற ஹெட்டரோக்ரோமாட்டின் கும்பலோட போய் ஒட்டிக்குது. ஈக்களில் ஜோடி க்ரோமோசோம்கள் கைகோத்துக்கிட்டே இருக்கும். அதனால ஒரு குறையும் இல்லாத ஜோடி ஜீனும் கூடவே இழுத்துட்டுப் போகப்பட்டு ஊமையாகுது. அதோட கோட்டில் பக்கத்து வீடு மாறவே இல்லை. ரூமுக்குள் நிற்கிற மூலைதான் மாறிச்சு.

2008ல் மனித செல்களில் பார்த்தப்போ, நியூக்ளியஸின் உள்சுவரை ஒட்டி 1,300க்கும் மேற்பட்ட டி.என்.ஏ பகுதிகள் இருக்குன்னும், அங்கே உள்ள ஜீன்கள் பெரும்பாலும் அமைதியா இருக்குன்னும் தெரிஞ்சது. அதே வருஷம் சிலர் ஜீன்களை வேணும்னே இழுத்து அந்தச் சுவரில் கட்டிப் பார்த்தாங்க. சிலது ஊமையானது. சிலது சுவரில் கட்டின பிறகும் பேசிக்கிட்டே இருந்தது. இடம் பெரிய விஷயம்தான், ஆனா அதுவே விதி இல்லை.

கடைசியா

வெராண்டாவில் ஏன் நின்னேன்னா, ரெண்டாவது வருஷம் என் பக்கத்து ரூம் பையன் ஒருத்தன் ஞாபகம் வந்தான். ஸ்கூல்ல நல்லா வரைவான், நல்லாப் பேசுவான்னு அவன் ஊர்க்காரங்க சொல்வாங்க. இங்கே வந்து நாலு அரியர், அப்புறம் பேச்சே இல்லை. தனக்குள்ள ஏதோ உடைஞ்சு போச்சுன்னு அவன் நம்பிட்டான். நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்; போய் உட்கார்ந்து பேசலை. ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். இப்போ ஊர்ல ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் டிசைன் பண்றான். போன பொங்கலுக்குப் போன் பண்ணினேன், நாற்பது நிமிஷம் நிறுத்தாம பேசினான்.

மனுஷன் ஜீன் இல்லைன்னு தெரியும். ஈயோட கண்ணை வெச்சு வாழ்க்கைக்குத் தத்துவம் எழுதினா பயோடெக் எச்.ஓ.டி திட்டுவார். ஆனா ஒருத்தன் அமைதியாகிட்டா அவன் பழுதாயிட்டான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அவன் எங்கே உட்கார்ந்திருக்கான்னு ஒரு தடவை பார்க்கலாம். 1932ல் யாரோ சிலர் தேடிப் போனதால்தான் முல்லருக்கு அடுத்த முப்பத்தஞ்சு வருஷம் கிடைச்சது.

ரொம்ப பாரமா இருந்தா 14416க்குக் கூப்பிடுங்க, டெலி-மானஸ், தமிழ்லயே பேசுவாங்க. அதுக்கும் தயக்கமா இருந்தா, நான் ஏப்ரல் வரைக்கும் ஹாஸ்டல் மூணாவது மாடியிலதான் இருப்பேன். காரிடார் கடைசி ரூம். கதவைப் பூட்டுறதில்லை.